இரண்டாம் கியர்

ஆசாரிபள்ளத்தில் அன்று எனக்கு இரவுப் பணி.
பதினொன்றே கால். மழை விட்டிருந்தது.
காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல்
ஸ்ட்ரெச்சரில் வந்தார் ஏசுவடியான்,
கோதையாறு தடத்தில் பதினாறு வருடம் பேருந்து ஓட்டுகிறவர்.
கழுத்து, தவளையின் தொண்டைபோலத் துடித்தது.
மானிட்டரில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
"ஒரே வெப்ராளம் சிஸ்டர்.
எனக்க நெஞ்சு எனக்க பேச்சக் கேக்கமாட்டேங்கு."

கடைசி வண்டி. மேலிருந்து இறக்கம்.
வளைவு திரும்பினால் வெளிச்சத்தில் ஒற்றை யானை.
உள்ளே பத்தொன்பது பேர்,
அதில் ஒன்று கைக்குழந்தை.
விளக்கை அணைத்துவிட்டு
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் காத்திருந்திருக்கிறார்.
ரப்பர் மரங்களுக்கிடையே யானை போய்விட்டது.
அது போய்விட்ட செய்தி
சிறுநீரகங்களின் உச்சியில் குந்தியிருக்கும்
அந்த இரண்டு சுரப்பிகளுக்கு மட்டும் எட்டவில்லை.

அட்ரீனலின் வந்து தட்டும்போது
இன்னும், இன்னும் என்றுதான் தட்டும்.
இல்லை என்று சொல்லத் தெரியாத தசை
கையிருப்பு ஏடிபியை உடைத்து உடைத்துக் கொடுக்கும்.
மூன்று பாஸ்பேட்டும் கழன்றபின்
கிழித்த டிக்கெட்டின் அடிக்கட்டைபோல
மிஞ்சுவது அடினோசின்.
செலவழிந்ததன் மிச்சம்.
அது செல்லைவிட்டு வெளியே வந்து
அதே செல்லின் வாசலில், வேறொரு பூட்டில் நுழைந்து,
அட்ரீனலின் சொன்னதைப் பாதி கேட்டால் போதும் என்கிறது.
கேட்காதே என்பதில்லை. பாதி.
மூளை அனுப்பிய உத்தரவல்ல அது.
உழைத்த இடத்தில், உழைப்பிலிருந்தே ஊறுவது.

ஏசுவடியானுக்கு அந்த ஊற்று போதவில்லை.
நெஞ்சுக்குள் மின்சாரம் வட்டமடிக்கத் தொடங்கியிருந்தது.
அதே சரக்கைக் குப்பியிலிருந்து எடுத்து
ஆறு மில்லிகிராம், ஒரே தள்ளில்,
பின்னாலேயே உப்புநீர், கையை உயர்த்திப் பிடித்து.
நூற்றுத் தொண்ணூற்றாறு.
அவ்வளவுதான் குறைந்தது.

"காப்பி குடிச்சீரா?"
"பேச்சிப்பாறையில ரெண்டு. ஆனை போனப்பறம்
பிளாஸ்க்குல இருந்தது முழுசும்."
கருப்பட்டி போட்டாலும் காப்பி காப்பிதான்.
அடினோசினின் பூட்டுக்குள் போய்
திறக்கவும் செய்யாது, வெளியே வரவும் செய்யாது,
ஒடிந்த சாவி மாதிரி.

"பன்னிரண்டு" என்றார் டாக்டர் பெனிட்டா.

கோடு படுத்தது.
ஒன்று.
எதிர்க் கட்டிலில் யாருடைய போனோ அடித்தது.
இரண்டு. மூன்று.
அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.
அந்தப் பிடி தளரவில்லை என்பதைத்தான்
நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நொடிகளை அல்ல.
பிறகு ஒரு துடிப்பு.
சந்தேகத்தோடு இன்னொன்று.
எண்பத்து நான்கு.

"ஆனைக்க முன்னாலகூட இப்பிடி இல்ல.
யாரோ எஞ்சின ஆஃப் பண்ணினமாதி இருந்துது."
"உமக்குள்ள ஊறுறதுதான். கொஞ்சம் கூட்டிக் குடுத்தோம்."
கொஞ்சநேரம் ஃபேனைப் பார்த்தார்.
"இறக்கத்துல பிரேக்கயே மிதிச்சா டிரம் காஞ்சுபோவும்.
ரெண்டாம் கியர் போட்டா
எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கிடும். அந்தக் கணக்கா?"
அந்தக் கணக்குதான் என்றேன்.

மணி ஒன்று. சட்டையைக் கழற்றும்போது
பையிலிருந்து ஏதோ தரையில் விழுந்து கிலுங்கியது.
"ஐயோ, வண்டிச் சாவி எனக்க கையிலல்லா இருக்கு!"
பேச்சிப்பாறையில் குறுக்கே நிற்கிறதாம் பேருந்து.
கண்டக்டர் எத்தனை முறை அழைத்தாரோ.
எண்பத்து நான்கு, நூற்று நான்கு, நூற்றுப் பதினெட்டு.
டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.
நான் டிரேயை இழுத்தேன்.

நூற்று ஒன்பது.
தொண்ணூற்றேழு.
அவர் சாவியை விரலில் மாட்டியபடி
கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.
தொண்ணூறு.
நாங்கள் எதுவும் போடவில்லை.